பழைய கேம்பர் வேனில் மழைநீர்க் கசிவும் துருவும்: ஃபோக்ஸ்வாகன் டி3 வைத்திருப்பவருக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வண்டி 1986இல் தயாரான ஃபோக்ஸ்வாகன் டி3. வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் படுக்கையும் சமையல் வசதியுமாக உள்ளமைப்புச் செய்த ஜோக்கர் வகை. மேலே தூக்கித் திறக்கும் கூரை உடையது. இங்கிலாந்தின் வடமேற்கில் வீட்டு வாசலில் திறந்தவெளியில் நிற்கிறது. மழை பெய்த மறுநாள் முன்னிருக்கைகளின் காலடியில் விரிப்பு நனைந்திருக்கிறது. சமையல் அலமாரியின் அடியில் பூஞ்சை வாடை அடிக்கிறது. பக்கத் தகடுகள் சேரும் செங்குத்து இணைப்புகளில் பெயின்ட் கொப்புளித்துப் பழுப்பு நீர் வடிகிறது. இணைப்புகளின் மேலும் கண்ணாடி ரப்பரின் ஓரங்களிலும் சிலிக்கான் பூசியும் கசிவு நிற்கவில்லை. குளிர்காலம் வருவதற்குள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நீர் நுழையும் வழிகளை அடைப்பது இரண்டாவது வேலை. நுழைந்த நீர் வெளியேறும் வழிகளைத் திறந்து, வண்டியை உட்புறம் முழுவதும் உலர வைப்பதே முதல் வேலை. பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது வெளியே பூசப்படும் சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை), பெயின்ட், அடிப்பூச்சு ஆகிய ஒவ்வொன்றும் அந்த ஈரத்தை உள்ளேயே நிறுத்தி வைக்கிறது. பிறகு துரு கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து, வெளியே வரும்போது தகடே போயிருக்கும்.

இதற்குக் காரணம் அந்த வண்டியின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. டி3 1979இல் அறிமுகமாகி ஜெர்மனியில் 1992 வரை தயாரானது. ஆகவே ஜெர்மனியில் செய்த வண்டிகளில் மிக இளையதற்கும் முப்பது வயது கடந்துவிட்டது. அதன் பக்கச் சுவர்கள் தனித்தனித் தகடுகளாக மடிக்கப்பட்டு, புள்ளிப் பற்றவைப்பால் சேர்க்கப்பட்டு, இடைவெளியில் சீலன்ட் நிரப்பப்பட்டவை. புதிதாக இருந்தபோது நெகிழ்ந்து கொடுத்த அந்த நிரப்புப் பொருள் வயது ஏற ஏற இறுகிச் சுருங்கி, தகட்டின் ஓரத்திலிருந்து மயிரிழை அளவு பிரிகிறது. அந்தப் பிளவு நீரைத் தானாகவே உள்ளிழுத்துக்கொள்கிறது. உள்ளே போன நீருக்குக் காற்றுப் படாததால் அது எளிதில் உலர்வதில்லை. இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருகும். ஆகவே துருவே சீலன்ட்டை வெளியே தள்ளுகிறது, பிளவு அகலமாகிறது, இன்னும் அதிக நீர் நுழைகிறது. குளிர்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பும் சேர்ந்துகொண்டால் வேகம் கூடும், ஏனெனில் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் கொப்புளம் உள்ளே பல ஆண்டுகளாக நடந்ததன் கடைசிக் கட்டம். அதன் மேல் சிலிக்கான் பூசியதால் நின்றது பழுப்பு நீர் வடிவது மட்டுமே.

எனவே கதவுகளில் தொடங்குங்கள். ஏறி இறங்கும் கண்ணாடி உள்ள எந்தக் கதவுக்குள்ளும் மழைநீர் போகத்தான் செய்யும். அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடியை உரசி நிற்கும் ரப்பர் பட்டை பெரும்பகுதி நீரைத் தடுக்கும், மீதி உள்ளே இறங்கும். இறங்கிய நீரைக் கதவின் உட்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் கதவின் அடிப்பகுதிக்குத் திருப்பிவிடும். அங்குள்ள வடிகால் துளைகள் வழியாக அது வெளியேறும். உங்கள் வண்டி கடந்துவந்த ஆண்டுகளில் யாரோ ஒருவர் ஒலிபெருக்கி மாட்டுவதற்கோ கண்ணாடி ஏற்றும் பொறியைச் சரிசெய்வதற்கோ அந்தத் தாளைக் கிழித்திருப்பார். திரும்ப ஒட்டியிருக்க மாட்டார். அப்போது நீர் உட்பலகையை ஊறவைத்து, கதவின் உள்விளிம்பைத் தாண்டி, நேராக விரிப்பில் இறங்கும். முன்பக்க விரிப்பு நனையும் டி3 வண்டிகளில் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது இந்த உட்பலகையைத்தான். தடித்த பாலித்தீன் தாளை அளவாக வெட்டி, பியூட்டைல் நாடாவால் (இறுகாமல் ஒட்டும் ரப்பர் நாடா) சுற்றிலும் ஒட்டி, அதன் கீழ்முனையைக் கதவின் உட்குழிக்குள் செருகிவிடுங்கள். பிறகு கதவின் கீழ்விளிம்பில் உள்ள துளைகளை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் கம்பியாலோ குத்தித் திறந்து, ஒரு குவளை நீரை உள்ளே ஊற்றி, அது உடனே கீழே விழுகிறதா என்று பாருங்கள். இரும்புக் கம்பியால் குத்தினால் பெயின்ட் உரிந்து புதிய துருவுக்கு வழியாகும்.

இதே சோதனையை மற்ற வடிகால்களுக்கும் செய்ய வேண்டும். நகரும் கதவின் கீழ்த்தடத்தில் மண்ணும் இலைச் சருகும் சேர்ந்து நீர் தேங்கும். பின்பக்கத்தில் நகர்த்தித் திறக்கும் சன்னல் உண்டென்றால், அதன் அடிச்சட்டத்தில் உள்ள சிறு துளைகள் தூசியால் அடைபட்டு, சட்டம் நிரம்பி, நீர் உட்பக்கமாக வழியும். சமையல் அலமாரிக்குப் பின்னால் வரும் ஈரத்துக்கு இது அடிக்கடி காரணமாகிறது. பின்மூலைகளில் இயந்திரத்துக்குக் காற்று இழுக்கும் துவாரங்கள் இருக்கின்றன; அவற்றில் புகும் மழையும் சேறும் கீழே பின்விளக்கின் அடியில் தேங்குவதால்தான் அந்த மூலைகள் அவ்வளவு வண்டிகளில் ஓட்டையாகின்றன. எரிபொருள் நிரப்பும் மூடிக்குப் பின்னாலுள்ள குழியையும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி விட்டங்களின் வடிகால்களையும் மறந்துவிடாதீர்கள். முன்னிருக்கைக்கு அடியிலிருக்கும் பேட்டரியைக் கழற்றி, அதன் தட்டையும் பாருங்கள். அமிலமும் ஈரமும் சேரும் அந்த இடத்தில் தகடு எளிதில் அரிக்கும்.

கூரையையும் கண்ணாடியையும் சந்தேகிப்பதற்கு முன், விரிப்பை நனைப்பது மழைநீர்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். நிறமும் இனிப்பு வாடையும் வழுவழுப்பும் இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் குளிர்விப்பு நீர். டி3இல் பிரேக் திரவத்தின் தொட்டி வேகமானி இருக்கும் முன்பலகைக்குள் இருப்பதால், ஓட்டுநர் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்குத் தென்பட்டால் வண்டியை எடுக்காமல் உடனே பிரேக்கைப் பரிசோதிக்க வேண்டும். அந்தத் திரவம் பெயின்டையும் கரைத்துவிடும். அலமாரிப் பக்கத்து ஈரத்துக்குத் தண்ணீர்த் தொட்டியின் குழாய் இணைப்பும் காரணமாகலாம். தொட்டியைக் காலி செய்துவிட்டு இரண்டு மழை பார்த்தால் அது தெரிந்துவிடும்.

மழைநீர்தான் என்று தெரிந்தபின் நுழையும் இடத்தைத் தேட வேண்டும். ஓட்டு வீட்டில் நீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே உடைந்த ஓடு இருப்பதில்லை, நீர் கைமரத்தின் வழியே ஓடி வேறெங்கோ விழும், வண்டியிலும் அப்படித்தான். விரிப்பு, அதன் அடியிலுள்ள மெத்தை, பக்கப் பலகைகள், அவற்றின் பின்னாலுள்ள பஞ்சு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உட்புறத்தை ஹீட்டரும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வைத்து முழுதாக உலர்த்துங்கள். பிறகு ஒருவர் உள்ளே விளக்குடன் அமர, மற்றவர் வெளியே தோட்டக் குழாயில் அழுத்தமில்லாமல் நீரை விட வேண்டும். கீழிருந்து மேலாகச் செல்ல வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடமாவது கொடுக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே சமயத்தில் நனைந்து, எது வழி என்று சொல்ல முடியாமல் போகும். சந்தேகமான இணைப்புகளின் உட்பக்கத்தில் முகப்பவுடர் தூவி வைத்தால் நீர் ஓடிய தடம் தெளிவாகத் தெரியும். உயர் அழுத்தக் கழுவியை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தினால், எந்த மழையும் போகாத இடத்துக்கு அது நீரைத் தள்ளிவிடும்.

முன் கண்ணாடியின் கீழ்மூலைகளில் நீர் வந்தால், ரப்பரின் ஓரத்தில் எதையும் பூசாதீர்கள். அந்த ரப்பர் ஒருபக்கம் கண்ணாடியையும் மறுபக்கம் தகட்டு விளிம்பையும் கவ்வி நிற்கிறது. மூலையில் அந்த விளிம்பு துருப்பிடித்து வீங்கினால் ரப்பர் சரியாகப் படியாது. கண்ணாடியைக் கழற்றி, விளிம்பைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, பெயின்ட் அடித்து, புது ரப்பருடன் மாட்டுவதே நிலைக்கும் வழி. இங்கிலாந்தில் உதிரிபாகக் கடைகள் இந்த வண்டியை டி25 என்று பட்டியலிடுகின்றன. அந்தப் பெயரில் தேடினால் ரப்பர் கிடைக்கும். மலிவான ரப்பர் மூலைகளில் வளையாமல் தூக்கி நிற்கும் என்பதால் இதில் சிக்கனம் வேண்டாம். விளிம்பு நன்றாக இருந்து ரப்பர் மட்டும் சற்றுத் தளர்ந்திருந்தால், எப்போதும் இறுகாத கண்ணாடிச் சீலன்ட்டை ரப்பரின் உதட்டுக்கு அடியில் செலுத்தலாம்.

ஜோக்கரின் சமையல் பக்கத்துச் சுவரில் குளிர்பெட்டியின் புகைபோக்கித் துவாரம், தண்ணீர் நிரப்பும் வாய், வெளி மின்சாரத்துக்கான இணைப்பு ஆகியவற்றுக்காகத் தகடு வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டிய விளிம்பில் தொழிற்சாலைப் பெயின்டின் பாதுகாப்பு இருக்காது. அந்தப் பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றி, விளிம்பிலுள்ள துருவை எடுத்து, எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசி, பெயின்ட் அடித்து, பியூட்டைல் நாடா வைத்துத் திரும்ப மாட்டுங்கள். திருகித் திறக்கக்கூடிய எந்தப் பொருளுக்கும் பியூட்டைலே ஏற்றது. அது இறுகுவதில்லை, திருகை முடுக்கும்போது இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது, பத்தாண்டுக்குப் பிறகும் கழற்ற முடிகிறது.

இப்போது இணைப்புகளுக்கு வருகிறேன். இதுதான் உங்கள் வண்டியின் உயிர்நிலை. முதலில் பழைய சிலிக்கானை ஒரு துணுக்கும் மிஞ்சாமல் எடுக்க வேண்டும். சாதாரணச் சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். வினிகர் வாடை வருவது அதனால்தான். அது வெறும் தகட்டை அரிக்கும், அதோடு சிலிக்கான் தங்கிய இடத்தில் பெயின்ட் ஒட்டாது. பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, சிலிக்கான் நீக்கியால் பலமுறை துடையுங்கள். அடுத்து இணைப்பிலுள்ள பழைய நிரப்புப் பொருளைக் கொக்கி போன்ற சுரண்டியால் முழு நீளத்துக்கும் தோண்டி எடுங்கள். கொப்புளித்த இடத்தில் மட்டும் தோண்டுவது போதாது, ஏனெனில் பிளவு மேலே இருக்கும், நீர் ஓடித் தேங்கிய இடம் கீழே இருக்கும். தோண்டிய பள்ளத்தைக் கம்பித் தூரிகையாலும் மணல் வீச்சாலும் பளபளப்பான இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். திருப்புளியால் அழுத்தினால் தகடு நொறுங்கினாலோ, இணைப்பின் இரு உதடுகளும் உப்பிப் பிரிந்திருந்தாலோ, இடையில் துரு அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே எந்த மருந்தும் வேலை செய்யாது. வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடுவது பணத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும், ஆனால் அடுத்த ஆண்டு வெட்ட வேண்டிய தகட்டின் அளவு இரட்டிப்பாகும்.

தகடு உறுதியாக இருந்தால் வரிசை இப்படி அமையும். சுத்தமான இரும்பின் மேல் இரண்டு கூறு எபாக்சி பிரைமர், அதன் மேல் பாலியூரித்தேன் சீலன்ட், அதன் மேல் நிறப் பெயின்ட். சிக்காஃப்ளெக்ஸ் 221 போன்ற பாலியூரித்தேன் வகை நெகிழ்வை இழக்காமல் ஒட்டும், அதன் மேல் பெயின்ட் அடிக்கலாம். வெயிலில் அது சிதையும் என்பதால் பெயின்ட் அடிக்காமல் விடக்கூடாது. எட்டாத குழிகளில் துருவை முழுதாக எடுக்க முடியாதபோது மட்டும் டானின் கலந்த துருமாற்றியை (துருவை அரிக்காத படலமாக மாற்றும் திரவம்) பயன்படுத்துங்கள். பாஸ்பாரிக் அமிலம் கலந்த வகையைப் பூசிக் கழுவாமல் எபாக்சி அடித்தால் அது பிடிமானம் இழந்து உரியும். பட்டியும் (பள்ளத்தை நிரப்பிச் சமன்செய்யும் பூச்சு) தடித்த நிரப்புப் பிரைமரும் ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. அவற்றை மட்டும் பூசிவிட்டு, பெயின்ட் பிறகு அடிக்கலாம் என்று வண்டியை மழையில் நிறுத்துவது செய்த வேலையைக் கெடுத்துக்கொள்வதாகும். இவை எல்லாவற்றுக்கும் உலர்ந்த, மிதமான வெப்பமுள்ள நாட்கள் தேவை. ஆகஸ்ட், செப்டம்பருக்குள் முடிக்கப் பாருங்கள். முடியாத இணைப்புகளை இந்த ஆண்டு தோண்டாமல், உட்புறத்திலிருந்து துரு தடுக்கும் மெழுகு மட்டும் செலுத்தி வையுங்கள்.

கூரையில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். பக்கவாட்டில் ஓடும் மழைநீர்ப் பள்ளத்திலும் இதே சீலன்ட்தான் வெடித்திருக்கும். அதற்கும் மேற்சொன்ன முறையே. கண்ணாடியிழைக் கூரையைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை தட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள், கூரையைத் தாழ்த்தும்போது அதன் பக்கச் சுவராக உள்ள துணி இடையில் சிக்காமல் கவனியுங்கள். சிக்கிய துணி திரிபோல நீரை உள்ளே இழுக்கும். சுமைதாங்கியும் பிடிமானங்களும் பொருந்திய ஒவ்வொரு திருகையும் கழற்றிப் பியூட்டைல் வைத்து மாட்டுங்கள். துணியைப் பொறுத்தவரை, நனைந்த நிலையில் கூரையை இறக்க நேர்ந்தால் வீடு சேர்ந்ததும் தூக்கி உலர்த்த வேண்டும். பருத்தித் துணியானால் நனையும்போது நூல் உப்பித் தையல் துளைகளை அடைத்துக்கொள்ளும், ஆகவே புதுத் துணியில் முதல் மழைக்குச் சில சொட்டு வந்தால் பதற வேண்டாம்.

எல்லாக் கசிவையும் நிறுத்திய பின்னும் வண்டிக்குள் நீர் வரும் ஒரு வழி இருக்கிறது. இருவர் உறங்கும் ஓர் இரவில் மூச்சும் வியர்வையுமாக அரை லிட்டருக்கு மேல் நீர் காற்றில் கலக்கிறது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகும். இது பக்கப் பலகைக்குப் பின்னாலுள்ள குளிர்ந்த தகட்டில் பனித்து, பஞ்சை நனைக்கும். நனைந்த பழைய கண்ணாடிப் பஞ்சைத் திரும்ப வைக்காமல், நீர் உறிஞ்சாத மூடிய துளையுள்ள நுரைத்தாளை ஒட்டுங்கள். இணைப்புகளின் மேலும் வடிகால்களின் மேலும் அது படக்கூடாது. சமைக்கும்போதும் உறங்கும்போதும் இரண்டு இடங்களில் காற்றுவழி திறந்திருக்கட்டும். அடுப்பு எரியும்போது இது உயிர்ப் பாதுகாப்புக்கும் அவசியம்.

வண்டியின் வலிமையைத் தாங்கும் இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எம்ஓடி எனப்படும் இங்கிலாந்தின் கட்டாய ஆண்டு வாகனப் பரிசோதனையில் இருக்கைப் பட்டை, ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன் ஆகியவை பொருந்தும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு துருவால் வலிமை இழந்திருந்தால் வண்டி தேறாது. பட்டியாலோ கண்ணாடியிழையாலோ மூடிய ஓட்டையை ஏற்கமாட்டார்கள். முறையாகப் பற்றவைத்திருக்க வேண்டும். பெரிய மாற்றம் செய்யப்படாத, 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு இந்தப் பரிசோதனை கட்டாயமில்லை என்றாலும், விலக்குக் கிடைத்த பிறகும் ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. வண்டியை உயர்த்தி அடிப்பகுதியைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் அனுபவமுள்ள கண் வேறெங்கும் அவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

பற்றவைப்பும் பெயின்டும் முடிந்தபின்தான் மெழுகு. மெழுகு எரியக்கூடியது என்பதால் வரிசை மாறக்கூடாது. டினிட்ரோல், வாக்ஸாயில், பில்ட் ஹாம்பர் ஆகிய பெயர்களில் விற்கும் உட்குழி மெழுகுகளில் எதையும் நம்பிப் பயன்படுத்தலாம். ஜெர்மனியில் மைக் சாண்டர்ஸ் என்ற கொழுப்பைச் சூடாக்கிச் செலுத்துகிறார்கள். அது ஒவ்வொரு கோடையிலும் இளகி இணைப்புகளுக்குள் ஊர்ந்து போவதால் டி3 போன்ற வண்டிகளுக்கு மிகவும் பொருந்தும், ஆனால் வெயில் நாளில் சொட்டும். எல்லாத் திசையிலும் தெளிக்கும் நீண்ட முனையைக் குழாயில் மாட்டி, கதவுகள், பெட்டி விட்டங்கள், பின்மூலைகள், இணைப்புகளின் உட்புறம் ஆகியவற்றில் செலுத்துங்கள். மெழுகு சொட்டி நின்றதும் வடிகால் துளைகளை மறுபடி திறந்துவிடுங்கள். அடிப்பகுதியில் கருநிறத் தார்ப்பூச்சு இருந்தால் அதன் மேல் பூசாதீர்கள். அது வெடித்து, தகட்டுக்கும் தனக்கும் இடையே நீரைத் தேக்கி வைத்திருக்கும். தட்டிப் பார்த்து, தளர்ந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே மெழுகு பூச வேண்டும்.

குளிர்காலத்தில் வண்டியை எங்கே நிறுத்துவது என்பது மருந்து பூசுவதற்கு இணையான முக்கியத்துவம் உடையது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். உப்பு படிந்திருந்தால் அதற்குக் கீழேயும் தொடங்கும். காற்றோட்டமில்லாத, வெதுவெதுப்பான மூடிய கொட்டகையில் உப்பும் ஈரமுமாக வண்டியை நிறுத்துவதைவிட, பக்கங்கள் திறந்த கூரையின் கீழ் நிறுத்துவது மேல். காற்றுப் புகாத தார்ப்பாயை வண்டியின் மேல் இறுக்கிக் கட்டுவது இரண்டையும்விடக் கேடு. காற்றுப் புகும் உறையை மட்டுமே போர்த்துங்கள். உப்புச் சாலையில் ஓட்ட நேர்ந்தால் அதே வாரத்தில் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் அடிப்பகுதியையும் சாதாரணக் குழாய் நீரால் நிதானமாகக் கழுவி, காற்றுள்ள நாளில் சிறிது தூரம் ஓட்டி உலர்த்துங்கள். ஏப்ரலில் உட்பலகைகளை ஒருமுறை கழற்றி, மெழுகு குறைந்த இடத்தில் மட்டும் மீண்டும் செலுத்தினால் போதும்.